சிறுவர் கால்பந்தில் 14-0 என்று ஜெயிப்பது தப்பா?

கேட்டவரின் மகனுக்கு 12 வயது. ஞாயிற்றுக்கிழமை நடந்த போட்டியில் அவன் அணி 14-0 என்று ஜெயித்திருக்கிறது. ஆட்டம் முடிந்ததும் எதிரணிப் பெற்றோர் கோச்சிடம் சண்டைக்குப் போயிருக்கிறார்கள். "நன்றாக ஆடியது குற்றமா? பிள்ளைகளை ஆடாமல் சும்மா நிற்கச் சொல்வதா?" என்று கேட்கிறார்.

நான் அந்த எதிர்ப்பக்கத்தில் நின்றவன். எட்டாம் வகுப்பில் பள்ளி அணியின் கோல்கீப்பர். வகுப்பிலேயே உயரம் என்பதைத் தவிர அதற்கு வேறு தகுதி கிடையாது. குறுவட்டப் போட்டியின் முதல் ஆட்டத்திலேயே, வருஷம் முழுக்கப் பயிற்சி எடுக்கும் ஓர் அணியிடம் மாட்டிக்கொண்டோம். 17-0.

அந்தப் பதினேழில் ஒரு கோல்கூட எனக்குச் சரியாக ஞாபகம் இல்லை. பந்து பொறுக்க ஓடியதுதான் ஞாபகம் இருக்கிறது. அந்த மைதானத்தில் கோல் கம்பம் உண்டு, வலை கிடையாது. பின்னால் பத்தடியில் சீமைக்கருவேலம். கோல் விழுந்தால் பந்து நேராக முள்ளுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். கீப்பர்தான் எடுத்து வர வேண்டும். குனிந்து உள்ளே நுழைந்து, சட்டையில் மாட்டிய முள்ளைக் கழற்றி, பந்தை எடுத்துக்கொண்டு நான் வெளியே வரும்வரை இரண்டு அணியும் இடுப்பில் கை வைத்து நிற்கும். இடைவேளைக்குள் ஒன்பது முறை போய் வந்தேன்.

அதுவரை அழுகை வரவில்லை. அவர்கள் நன்றாக ஆடினார்கள், நாங்கள் ஆடவில்லை, அவ்வளவுதான். இரண்டாம் பாதியில் அவர்களுக்குச் சலித்துவிட்டது. ஒருத்தன் என்னைத் தாண்டிப் போய், கோட்டுக்கு ஒரு சாண் முன்னால் பந்தை நிறுத்தி, முட்டி போட்டுத் தலையால் தட்டி உள்ளே விட்டான். அடுத்து அவர்கள் கீப்பரே மைதானம் முழுக்கப் பந்தை உருட்டிக்கொண்டு வந்தான். வேடிக்கை பார்த்தவர்கள் சிரித்தார்கள். அவர்களுடைய பி.டி. சாரும் சிரித்தார். அப்போதுதான் அழுதேன்.

அந்த அணியில் ஸ்டாப்பராக, அதாவது நடுவில் தடுப்பாட்டம் ஆடிய ஒரு பையன் மட்டும் வேறு மாதிரி. எங்கள் ஃபார்வர்ட் பந்தோடு போன போதெல்லாம், ஸ்கோர் 0-0 என்பதுபோல ஓடி வந்து பிடுங்குவான். ஒரு பந்துக்கு என்னோடு முள்ளுக்குள்ளும் வந்தான். "அந்தாண்ட பாரு" என்றான். வேறு எதுவும் பேசவில்லை.

ஆகவே ஜெயிக்கிற அணி ஆட்டத்தை நிறுத்திவிட வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். பாவம் பார்த்து விட்டுக்கொடுப்பது சின்னப் பிள்ளைகளுக்கு உடனே தெரிந்துவிடும். கேலி இன்னும் சீக்கிரம் தெரியும். 14 என்ற எண்ணை வைத்து உங்கள் பையன் அணியைக் குறை சொல்லவும் முடியாது. ஆறாவது கோலுக்குப் பிறகு அந்த எட்டு கோல் எப்படி வந்தது, கோச் என்ன சொல்லிக்கொண்டிருந்தார் என்பதுதான் என் கேள்வி.

2016 ஜனவரியில் மும்பைக்குப் பக்கத்தில் கல்யாணில் நடந்தது நினைவிருக்கும். 16 வயதுக்குட்பட்டோர் பள்ளி கிரிக்கெட். பிரணவ் தனவடே என்ற 15 வயதுப் பையன் ஆட்டமிழக்காமல் 1009 ரன் அடித்தான். 129 பவுண்டரி, 59 சிக்ஸர். நாடே கொண்டாடியது, நானும் வாட்ஸ்அப்பில் பகிர்ந்தேன். அப்புறம்தான் மறுபக்க ஸ்கோரைப் பார்த்தேன். எதிரணி முதலில் ஆடி 31 ரன்னுக்குச் சுருண்டிருந்தது. பிரணவின் அணி 3 விக்கெட்டுக்கு 1465 எடுத்து, அடித்தது போதும் என்று டிக்ளேர் செய்தது. எதிரணி இரண்டாவது இன்னிங்ஸில் 52. இரண்டையும் கூட்டினால் 83 ரன். 84 எடுத்துவிட்டு டிக்ளேர் செய்திருந்தாலே இன்னிங்ஸ் வெற்றி! பாதுகாப்புக்கு 400 என்றே வைத்துக்கொள்வோம். முதல் நாள் முடிவில் பிரணவ் 652. இங்கிலாந்தில் ஏ.இ.ஜே. காலின்ஸ் என்ற மாணவர் 1899-இல் அடித்த 628 என்ற பழைய சாதனை அன்றைக்கே உடைந்துவிட்டது. இருந்தும் மறுநாள் காலையில் மட்டையோடு இறங்கினார்கள். ஆயிரம் வேண்டியிருந்தது.

பையனைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆட்டோ ஓட்டுநரின் மகன், பந்து வந்தது, அடித்தான். பந்து போட்டவர்களோ அவனைவிடச் சின்னவர்கள். மூத்த பையன்களுக்குப் பரீட்சை என்று பள்ளியில் பொடியன்களை அனுப்பியிருந்தார்கள். அவர்களை அனுப்பியவர்களும் பெரியவர்கள், டிக்ளேர் செய்யாமல் பார்த்துக்கொண்டிருந்தவர்களும் பெரியவர்கள். அந்த ஆயிரம் பிரணவுக்கும் லேசாக இருக்கவில்லை. மும்பை கிரிக்கெட் சங்கம் மாதம் 10,000 ரூபாய் உதவித்தொகை கொடுத்தது. மறு வருஷமே, பையன் சரியாக ஆடவில்லை, பணம் வேண்டாம் என்று அப்பாவே கடிதம் எழுதிவிட்டார்.

கிரிக்கெட்டில் டிக்ளேர் என்று ஒரு கதவாவது இருக்கிறது. அமெரிக்காவின் லிட்டில் லீக் பேஸ்பாலில் நாலு இன்னிங்ஸ் முடிந்து 10 ரன் வித்தியாசம் இருந்தால் ஆட்டம் அத்தோடு சரி. கால்பந்திலும் கூடைப்பந்திலும் கடிகாரம்தான் முடிவு செய்யும். 2009-இல் டெக்சாஸின் டாலஸ் நகரில் பெண்கள் பள்ளிக் கூடைப்பந்தில் 100-0 என்று ஓர் ஆட்டம் முடிந்தது. இடைவேளையில் 59-0. தோற்றது, கற்றல் குறைபாடு உள்ள மாணவர்களுக்கான ஒரு சின்னப் பள்ளி. அணியில் மொத்தமே எட்டுப் பெண்கள். ஜெயித்த பள்ளி பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டது. மன்னிப்புக் கேட்க ஒன்றுமில்லை என்ற கோச்சை வேலையை விட்டு அனுப்பியது. அவர் பெரியவர், வேறு வேலை தேடிக்கொள்வார். அந்தப் பெண்களில் யாராவது ஒருத்தியிடம் பேசிப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

இப்போது கோவையில் எங்கள் பேட்டைப் பிள்ளைகளுக்கு வார இறுதியில் பயிற்சி கொடுக்க உதவுகிறேன். அஞ்சு கோல் முன்னிலை வந்தால் சில வேலைகள் செய்வோம். ஃபார்வர்டைப் பின்னால் அனுப்பி, பேக் ஆடுகிறவனை முன்னால் விடுவது. வலதுகால்காரனை இடதுகாலால் மட்டும் அடிக்கச் சொல்வது. ஆறு பாஸ் முடித்த பிறகுதான் கோலுக்கு அடிக்கலாம் என்பது. பிள்ளைகளுக்கு இது கஷ்டமான வேலை, அதனால் விளையாட்டுத்தனம் வராது. முக்கியமாக, எதிரணி காதில் விழக்கூடாது. ஒரு முறை நான் ஓரத்தில் நின்று "டேய், போதும்டா, கோல் போடாதீங்க!" என்று கத்திவிட்டேன். எதிரணிக் கீப்பர் திரும்பி என்னைப் பார்த்த பார்வை எனக்குத் தெரிந்த பார்வைதான். அதிலிருந்து இடைவேளையிலேயே, வட்டமாக நின்று தண்ணீர் குடிக்கும்போது சொல்லிவிடுகிறேன்.

பெஞ்சில் இருப்பவர்களை இறக்கும்போது மட்டும் இந்த விதி எதுவும் கிடையாது. சீசன் முழுக்க உட்கார்ந்திருந்தவனுக்குக் கடைசிப் பத்து நிமிடம் கிடைக்கிறது. அவன் எட்டாவது கோல் போட்டால் குதிக்கட்டும். அது அவனுக்கு எட்டாவது இல்லை, முதலாவது.

உங்கள் கோச்சைத் திட்டுவதற்கு முன் போட்டியின் புள்ளி விதியையும் விசாரியுங்கள். சமப் புள்ளி வந்தால் கோல் வித்தியாசம் பார்ப்பார்கள் என்றால், ஒவ்வொரு கோலுக்கும் விலை வைத்துக் கொடுத்துவிட்டு, போடாதே என்று பன்னிரண்டு வயதுப் பையனிடம் சொல்ல முடியாது. ஓர் ஆட்டத்துக்கு அஞ்சு கோல் வித்தியாசத்துக்கு மேல் கணக்கில் வராது என்று நடத்துபவர்கள் ஒரு வரி சேர்த்தால் பாதிச் சண்டை குறையும். எங்கள் பேட்டைப் போட்டியில் சேர்த்தோம். முதல் வருஷம் முணுமுணுத்தார்கள், இப்போது யாரும் கேட்பதில்லை.

எதிரணிப் பெற்றோருக்கும் ஒன்று. பிள்ளை முன்னால் கோச்சின் சட்டையைப் பிடித்தால் அந்தப் பிள்ளைக்கு அது பதினைந்தாவது கோல். என் அப்பா அன்றைக்கு ஒன்றும் சொல்லாமல் பஸ் ஸ்டாண்டில் பரோட்டா வாங்கிக் கொடுத்தார், வீட்டுக்கு வந்து கையில் ஏறியிருந்த முள்ளை ஊக்கால் எடுத்துவிட்டார்.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அந்த மைதானத்தைப் பார்த்தேன். கருவேலத்தை வெட்டிவிட்டு, கோலுக்கு வலை கட்டியிருக்கிறார்கள்.