எடுத்த நீர் மறுபடியும் சேர்வது ஏன்?

அப்பாவின் நெஞ்சில் கோத்த நீரை ஊசி குத்தி எடுத்தும் மறுபடி சேர்ந்துவிட்டதே, எடுத்ததில் ஏதும் தவறா என்று கேட்கிறீர்கள். ஊசி குத்தி எடுத்ததில் தவறில்லை. உங்கள் அப்பாவுக்குப் பத்தே நாளில் நெஞ்சில் மீண்டும் நீர் கோத்தது, அது ஊறும் காரணம் அப்படியே இருப்பதால்தான். நீரை எடுப்பது மூச்சுத் திணறலுக்கு நிவாரணம், அவ்வளவே.

மாலைக் காய்ச்சல், எடைக் குறைவு, ஒரு பக்கம் மட்டும் நீர் என்கிறீர்கள். நம் நாட்டில் முதலில் சந்தேகிக்க வேண்டியது நுரையீரல் உறைக் காசநோய், அதாவது நுரையீரலைச் சுற்றியுள்ள மெல்லிய உறையில் வரும் காசநோய். அழற்சி கண்ட உறையிலிருந்து புரதம் மிகுந்த நீர் கசிந்துகொண்டே இருக்கும்.

நீர்ப் பரிசோதனை அறிக்கையைப் பாருங்கள். ஏடிஏ (காசநோயில் கூடும் ஒரு நொதி) 40-க்கு மேல், லிம்போசைட்டுகளும் (ஒரு வகை வெள்ளணுக்கள்) அதிகம் என்றால் காசநோய்க்கே வாய்ப்பு அதிகம். காசநோய்க் கிருமியின் மரபணுவைத் தேடும் ஜீன் எக்ஸ்பர்ட் சோதனை நெகட்டிவ் என்று நிம்மதி அடைந்துவிடாதீர்கள். இந்த நீரில் கிருமிகள் மிகக் குறைவு, அடிக்கடி சிக்காமல் போகும்.

புகைப்பழக்கம் உள்ளவர் என்பதால் புற்றுநோய் செல் சோதனையும் பார்க்கப்பட்டதா என்று நெஞ்சக மருத்துவரிடம் கேளுங்கள். திணறல் கூடினால் அறிக்கைக்காகக் காத்திருக்க வேண்டாம்.