கல்லூரிக் கால்பந்தில் தற்காப்பு வீரர்களுக்குத் தனி விருது எதற்கு?

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் ஆண்டின் தலைசிறந்த வீரருக்கு ஹைஸ்மன் கோப்பை இருக்கும்போது, தற்காப்பு வீரர்களுக்கென நகர்ஸ்கி கோப்பை தனியாக எதற்கு என்று கேட்டிருந்தீர்கள். அமெரிக்கக் கால்பந்தில் பந்தை எறிபவரும் ஏந்தி ஓடுபவருமே பார்வையாளர் கண்ணில் முதலில் படுவதால், 1935 முதல் வழங்கப்படும் ஹைஸ்மன் பெரும்பாலும் அவர்களிடமே போய்ச் சேர்கிறது. எதிரணியை மறித்து வீழ்த்துபவரின் உழைப்பு அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அத்தகைய தற்காப்பு வீரர்களில் ஆண்டின் சிறந்தவருக்கு அமெரிக்கக் கால்பந்து எழுத்தாளர் சங்கம் 1993 முதல் நகர்ஸ்கி கோப்பையை அளித்துவருகிறது. பெயருக்குரிய பிராங்கோ நகர்ஸ்கி, மினசோட்டா பல்கலைக்கழகத்துக்காகத் தாக்குதல், தற்காப்பு இரண்டிலும் ஆடியவர்.

1997-இல் மிச்சிகன் பல்கலைக்கழக வீரர் சார்லஸ் வுட்சன் நகர்ஸ்கி கோப்பையோடு ஹைஸ்மனையும் சேர்த்தே வென்றார். முதன்மையாகத் தற்காப்பில் ஆடிய ஒருவருக்கு ஹைஸ்மன் கிடைத்தது அதுவே முதன்முறை. ஆயினும், அவர் இடையிடையே தாக்குதலிலும் இறங்கிப் பந்தோடு ஓடியதே ஹைஸ்மனுக்கு வாக்களிப்பவர்களைக் கவர்ந்திருக்கும் என்பது என் கணிப்பு.