புதிய வரி விளம்பரத் தளங்கள்: எதில் போடலாம், எதை விடலாம்?

கேள்வி: பழைய தையல் மிஷின்களை வாங்கிச் சரிசெய்து விற்கிறேன், சர்வீஸும் செய்து கொடுக்கிறேன். இதுவரை ஒரே ஒரு பெரிய தளத்தில்தான் விளம்பரம் போட்டு வந்தேன். இப்போது போட்ட சில மணி நேரத்திலேயே விளம்பரம் கீழே போய்விடுகிறது. மேலே வைக்கப் பணம் கேட்கிறார்கள். நண்பர் ஒருவர் நூற்றுக்கணக்கான புதிய இலவச விளம்பரத் தளங்களின் பட்டியலை அனுப்பியிருக்கிறார். எல்லாவற்றிலும் போடலாமா? நல்ல தளத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? பணம் கட்டும் திட்டங்களில் சேரலாமா?

பதில்: எல்லாவற்றிலும் போட வேண்டாம். அந்தப் பட்டியலில் உங்களுக்கு உதவக்கூடிய தளங்கள் இரண்டு மூன்று தேறினாலே பெரிய விஷயம். ஆனால் அந்த இரண்டு மூன்றைத் தேடி எடுப்பது நேரத்துக்குத் தகுந்த வேலைதான். சரியான புதிய தளத்தில் உங்கள் விளம்பரம் நாள்கணக்கில் முதல் பக்கத்தில் நிற்கும். பெரிய தளத்தில் இன்று அது இலவசமாகக் கிடைக்காது.

முதலில் இப்படிப்பட்ட பட்டியல்கள் எப்படி உருவாகின்றன என்று சொல்லிவிடுகிறேன். விளம்பரத் தளம் நடத்தத் தேவையான மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. கணினி ஓரளவு தெரிந்த ஒருவர் ஒரே நாளில் ஒரு தளத்தைத் தொடங்கிவிடலாம். அப்புறம் அதில் வந்து விழுவது பெரும்பாலும் ஒரே வாசகத்தை ஊரெல்லாம் ஒட்டுபவர்களின் விளம்பரங்கள். அவர்கள் அங்கே எதையும் வாங்க வருவதில்லை. தங்கள் இணையதளத்துக்கு ஒரு இணைப்பு கிடைத்தால் கூகுள் தேடலில் மேலே வரலாம் என்ற நம்பிக்கையில் போடுகிறார்கள். அந்த நம்பிக்கைக்கும் இன்று அடிப்படை இல்லை. 2005-லேயே 'இந்த இணைப்பைக் கணக்கில் எடுக்காதே' என்று தேடுபொறிக்குச் சொல்லும் நோஃபாலோ குறி வந்துவிட்டது. 2012 ஏப்ரலில் கூகுள் தன் தேடலில் கொண்டுவந்த 'பெங்குவின்' என்ற மாற்றம் செயற்கையாகச் சேர்த்த இணைப்புகளைக் குறிவைத்தே வந்தது. தரமில்லாத டைரக்டரி தளங்களின், அதாவது மற்ற தளங்களைப் பட்டியலிடும் தளங்களின் இணைப்புகள் ஸ்பேம் என்று கூகுளின் விதிகளே சொல்கின்றன. ஆக, படிக்க ஆளில்லாமல் போடுபவர்கள் மட்டுமே கூடியிருக்கும் இடம் அது. நூறு தளங்களில் போட்டாலும் ஒரு போன் வராமல் போவதற்கு இதுதான் காரணம்.

நிஜமாக ஓடும் தளத்துக்கு வருவோம். எந்த விளம்பரத் தளத்துக்கும் ஆரம்பத்தில் ஒரு முட்டுக்கட்டை உண்டு. வாங்குபவர் இல்லாத இடத்துக்கு விற்பவர் வர மாட்டார், விற்பவர் இல்லாத இடத்தில் வாங்குபவருக்கு வேலை இல்லை. ஜெயித்த தளங்களைப் பார்த்தால், பெரும்பாலும் மிகச் சின்ன வட்டத்தில் தொடங்கித்தான் இதைத் தாண்டியிருக்கின்றன. அமெரிக்க விளம்பரத் தளமான கிரெய்க்ஸ்லிஸ்ட் 1995-ல் சான்ஃபிரான்சிஸ்கோவில் நடக்கும் நிகழ்ச்சிகளை நண்பர்களுக்குச் சொல்லும் மின்னஞ்சல் பட்டியலாக இருந்தது. மறு ஆண்டுதான் இணையதளமானது, மற்ற நகரங்களுக்குப் போனது அதற்கும் பிறகு. லித்துவேனியாவில் 2008-ல் தொடங்கிய வின்டெட், ஆரம்பத்தில் பெண்கள் உடுத்திய உடைகளைக் கைமாற்றும் தளமாக இருந்தது. 2013-ல் வந்த ரிவெர்ப், இசைக்கருவிகளுக்கு மட்டும். ஒரு ஊர், அல்லது ஒரு வகைப் பொருள். அந்தச் சின்ன வட்டத்துக்குள் போதுமான ஆள் இருந்ததால் பேரம் நடந்தது.

அதனால் ஒரு புதிய தளத்தைத் திறந்ததும் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி, 'இது யாருக்கான தளம்?' என்பதுதான். வீடு, வேலை, கார், நாய்க்குட்டி, ஜோதிடம், கல்யாண வரன் என எல்லாமே, எல்லா நாட்டுக்கும் என்று முகப்பிலேயே போட்டிருந்தால் அது யாருக்குமானது அல்ல. உங்கள் நகரத்துக்கு மட்டுமான தளம், தையல் கைவினைப் பொருட்களுக்கான தளம், சிறு தொழில் இயந்திரங்களுக்கான தளம் என்று ஏதாவது ஒரு எல்லை இருந்தால் உட்கார்ந்து பார்க்கலாம்.

பார்ப்பது என்றால் எப்படி? உங்கள் பிரிவுக்குள், உங்கள் பகுதிக்குள் போய், புதியது முதலில் வரும்படி வரிசைப்படுத்துங்கள். கடைசியாகப் போட்ட விளம்பரம் எப்போது வந்தது என்று பாருங்கள். ஆறு மாதம் முந்தையது என்றால் அந்தத் தளம் உங்களைப் பொறுத்தவரை செத்துவிட்டது, மற்ற பிரிவுகள் எவ்வளவு பரபரப்பாக இருந்தாலும் சரி. புதிதாக விளம்பரங்கள் வருகின்றன என்றால் நாலைந்தைக் குறித்து வைத்துக்கொண்டு ஒரு வாரம் கழித்துத் திரும்பப் பாருங்கள். அவற்றில் சில காணாமல் போயிருக்கின்றனவா, 'விற்றுவிட்டது' என்று குறிக்கப்பட்டிருக்கின்றனவா? இதைத்தான் நான் எல்லாவற்றுக்கும் மேலாக நம்புகிறேன். விளம்பரம் போடுவது யார் வேண்டுமானாலும் செய்யக்கூடியது. போட்டவர் மெனக்கெட்டுத் திரும்ப வந்து அதை எடுக்கிறார் என்றால், பெரும்பாலும் அங்கே ஒரு வியாபாரம் நடந்திருக்கிறது. 'இத்தனை லட்சம் விளம்பரங்கள்' என்று முகப்பில் காட்டும் எண்ணிக்கையைவிட இந்த ஒரு அடையாளம் பெரியது.

அந்த லட்சக்கணக்கு எங்கிருந்து வந்தது என்பதும் சந்தேகத்துக்குரியது. வெறுமையாகத் தெரியக்கூடாது என்று மற்ற தளங்களின் விளம்பரங்களை நகலெடுத்து நிரப்பும் பழக்கம் இந்தத் துறையில் உண்டு. தன் விளம்பரங்களை எடுத்துப் பயன்படுத்தியதற்காக கிரெய்க்ஸ்லிஸ்ட் 2012-ல் த்ரீடேப்ஸ், பேட்மேப்பர் ஆகிய நிறுவனங்கள் மீது வழக்கே போட்டது. நகலெடுத்த விளம்பரத்தை, பொருள் விற்ற பிறகும் யாரும் எடுப்பதில்லை. சந்தேகம் வந்தால் விளம்பரத்தில் ஒரு வரியை அப்படியே தேடுபொறியில் ஒட்டிப் பாருங்கள், படத்தையும் படத்தேடலில் போடுங்கள். வேறு தளத்தில் அதே படம் வேறு ஊர், வேறு விலையோடு கிடைத்தால் விட்டுவிடுங்கள்.

போலியைக் களையாத தளத்தில் நல்ல விற்பனையாளர்கள் நிலைக்க முடியாது. இதற்குப் பொருளாதாரத்தில் தெளிவான விளக்கம் இருக்கிறது. ஜார்ஜ் அக்கர்லாஃப் 1970-ல் பழைய கார் சந்தையை வைத்து அதை விளக்கினார், 2001-ல் நோபல் பரிசு பெற்றவர்களில் அவரும் ஒருவர். எது நல்ல கார், எது ஓட்டை என்று வாங்குபவருக்குத் தெரியாது. அதனால் அவர் நடுத்தர விலைக்கு மேல் கொடுக்க மாட்டார். அந்த விலை நல்ல கார் வைத்திருப்பவருக்குக் கட்டுப்படியாகாது, அவர் ஒதுங்கிவிடுவார். மிச்சம் இருப்பவை மோசமானவை, விலை இன்னும் இறங்கும். பழைய தையல் மிஷின் விற்கும் உங்களுக்கு இது அனுபவத்திலேயே தெரிந்திருக்கும். துருவைத் துடைத்துப் பெயின்ட் அடித்த மிஷினும், உள்ளே பிரித்து வேலை பார்த்த மிஷினும் சின்னப் படத்தில் ஒரே மாதிரிதான் இருக்கும்.

ஆகவே அந்த வித்தியாசத்தைக் காட்ட எந்தத் தளம் இடம் தருகிறதோ அதுதான் உங்களுக்குப் பயனுள்ள தளம். ஒரே ஒரு பெட்டியைக் கொடுத்து 'விவரம் எழுதுக' என்று விட்டுவிடும் தளம் போதாது. பிராண்ட், மாடல், மிதியா மோட்டாரா, நேர்த் தையல் மட்டுமா ஜிக்ஜாக் உண்டா, கடைசியாக சர்வீஸ் செய்தது எப்போது என்று தனித்தனியாகக் கேட்கும் படிவம் இருந்தால், வாங்குபவரும் அதை வைத்து வடிகட்டித் தேடலாம். நிறையப் படங்கள் போட இடம் வேண்டும். வீடியோவும் போட முடிந்தால் நல்லது, ஓடும் சத்தத்திலேயே பாதி நம்பிக்கை வந்துவிடும். அந்த மிஷினில் தைத்த துணித் துண்டை முன்னும் பின்னும் படம் எடுத்துப் போடுங்கள். அடிநூல் சீராக இருப்பதைப் பார்த்தால் தையல் தெரிந்தவருக்கு வேறு சான்று வேண்டாம். உங்கள் மாதிரி பொருளை ஒருவர் தேடி, அப்போது கிடைக்கவில்லை என்றால், வரும்போது அவருக்குத் தகவல் அனுப்பும் வசதி இருக்கிறதா என்றும் பாருங்கள். ஆள் குறைவான புதிய தளத்துக்கு இந்த வசதி உயிர்நாடி. இன்று வந்து வெறுங்கையோடு போனவரை அதுதான் திரும்ப அழைத்து வரும்.

விளம்பரத்துக்குக் காலாவதித் தேதி இருப்பதையும் நான் குறையாகப் பார்ப்பதில்லை. முப்பது நாளில் தானாக மறைந்து, வேண்டுமானால் புதுப்பித்துக்கொள்ளலாம் என்று வைத்திருக்கும் தளத்தில் பழைய குப்பை சேராது. 'வாழ்நாள் முழுதும் இருக்கும்' என்று பெருமையாகச் சொல்லும் தளத்தில்தான், விற்றுப்போன பொருளுக்கு அழைத்து ஏமாந்தவர்கள் திரும்ப வராமல் போகிறார்கள்.

அடுத்தது உங்கள் பாதுகாப்பு. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

முகவரிப் பட்டையில் பூட்டுப் படம் இருப்பதை வைத்துத் தளத்தை நம்ப வேண்டாம். உங்களுக்கும் தளத்துக்கும் நடுவே போகும் தகவலை மற்றவர் படிக்க முடியாது என்பதுதான் அதன் பொருள். தளத்தை நடத்துபவர் நேர்மையானவர் என்று அது சொல்லவில்லை. இந்தக் குழப்பத்தால்தான் கூகுள் 2023 செப்டம்பரில் குரோம் பிரவுசரில் அந்தப் படத்தை எடுத்துவிட்டு வேறு குறியை வைத்தது. தளத்தின் முகவரி எப்போது பதிவானது என்பதை டொமைன் விவரம் காட்டும் இலவச சேவைகளில் பார்க்கலாம். புதிய தளத்துக்குப் புதிய தேதி இருப்பதில் தவறே இல்லை. 'பத்து ஆண்டு நம்பிக்கை' என்று எழுதிவிட்டு இரண்டு மாதம் முன்பு பதிவு செய்திருந்தால்தான் பிரச்சினை.

பதிவு செய்யும் முன்பே இரண்டு விஷயங்களைத் தேடுங்கள்: விளம்பரத்தை நீங்களே நீக்க முடியுமா, கணக்கையே மூட முடியுமா. பல சின்னத் தளங்களில் போட வழி இருக்கும், எடுக்க வழி இருக்காது. உங்கள் போன் எண் வருடக்கணக்கில் அங்கே கிடக்கும். எண்ணை வெளியே காட்டாமல் தளத்துக்குள்ளேயே செய்தி அனுப்பும் வசதி இருந்தால் அதையே தேர்ந்தெடுங்கள். ஜிமெயில் வைத்திருந்தால், பதிவு செய்யும்போது உங்கள் மின்னஞ்சல் முகவரியில் பெயருக்குப் பின்னால், @ குறிக்கு முன்னால் ஒரு கூட்டல் குறியும் தளத்தின் பெயரும் சேர்த்துக் கொடுங்கள். அஞ்சல் வழக்கம்போல் உங்களுக்கே வரும். பின்னால் தேவையில்லாத அஞ்சல் வந்தால், முகவரியை வெளியே விட்டது எந்தத் தளம் என்று அதிலேயே தெரிந்துவிடும். செல்போனில் எடுத்த படத்துக்குள் எடுத்த இடத்தின் விவரமும் ஒளிந்திருக்கலாம். அதைத் தாமாகவே நீக்கும் தளங்கள் உண்டு, புதிய தளம் செய்யும் என்று நம்பியிருக்க முடியாது. வீட்டிலேயே பட்டறை வைத்திருந்தால் கேமராவின் இருப்பிட வசதியை அணைத்துவிட்டுப் படம் எடுங்கள்.

விற்பவரைக் குறிவைக்கும் மோசடிகள் பெரும்பாலும் ஒரே அச்சில் இருக்கும். பொருளைப் பார்க்காமலேயே, விலையும் பேசாமல் 'எடுத்துக்கொள்கிறேன், கூரியர் ஆள் வருவார்' என்பார்கள். அப்புறம் பணம் பெற ஒரு லிங்க் வரும், அதில் உங்கள் கார்டு விவரம் கேட்கும். இல்லையென்றால் கூடுதலாகப் பணம் அனுப்பிவிட்டதாகச் சொல்லி மீதியைத் திருப்பிக் கேட்பார்கள். 'நீங்கள் நிஜமான ஆள்தானா என்று பார்க்க ஒரு எண் அனுப்பியிருக்கிறேன், சொல்லுங்கள்' என்பதும் உண்டு. அந்த எண்ணைச் சொன்னால் உங்கள் கணக்கையோ போன் எண்ணையோ அவர்கள் பயன்படுத்திக்கொள்ள வழி பிறக்கும். பணம் வாங்குபவர் ரகசிய எண் எதையும் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. இப்படிப்பட்டவர் ஒருவரைப் பற்றிப் புகார் கொடுத்துப் பாருங்கள், தளத்தின் தரம் அதிலும் தெரியும். ஓரிரு நாளில் ஒரு மனிதர் பதில் எழுதினால், அந்தத் தளத்தை நடத்துபவருக்கு அக்கறை இருக்கிறது. புதிய தளங்களிடம் எனக்குப் பிடித்ததே இதுதான். 'தையல் மிஷினுக்குத் தனிப் பிரிவு வேண்டும்' என்று எழுதினால் திறந்து கொடுப்பவர்கள் உண்டு. பெரிய தளத்தில் அந்தக் கடிதம் யார் கண்ணிலும் படாது.

இதையெல்லாம் தாண்டி இரண்டு மூன்று தளங்கள் தேறினால், ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு மிஷினைப் போடுங்கள். சர்வீஸ் விளம்பரத்தை இதோடு கலக்காமல் தனியாகப் போடுங்கள், தேடி வருபவர்கள் வேறு. வாசகத்தில் தளத்துக்குத் தளம் ஒரு குறிப்பு எண்ணை மாற்றி வையுங்கள். அழைப்பவரிடம் அந்த எண்ணைக் கேட்டு நோட்டில் எழுதுங்கள். தளம் காட்டும் 'இத்தனை பேர் பார்த்தார்கள்' என்ற எண்ணை வைத்து முடிவு செய்யாதீர்கள், அதை நீங்கள் சரிபார்க்க வழியில்லை. அழைப்புகளையும், நேரில் வந்தவர்களையும், விற்றதையும் மட்டும் எண்ணுங்கள். நான்கு வாரம் விட்டுப் பார்த்து, ஒரு அழைப்புகூட வராத தளத்தில் விளம்பரத்தையும் கணக்கையும் நீக்கிவிடுங்கள். பெரிய தளத்தை அதுவரை கைவிட வேண்டாம், இரண்டும் சேர்ந்தே ஓடட்டும்.

பணம் கட்டும் திட்டம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இலவசமாகப் போட்டு நிஜமான அழைப்பு வந்த தளத்துக்கு மட்டும் கட்டுங்கள், அதுவும் மிகக் குறைந்த காலத்துக்கு. ஆள் வராத தளத்தில் முதல் இடத்தை வாங்கினாலும் அங்கே பார்க்க ஆளில்லை. 'உங்களுக்கு ஐந்து பேர் செய்தி அனுப்பியிருக்கிறார்கள், படிக்கப் பணம் கட்டுங்கள்' என்று சொல்லும் தளத்துக்குக் கட்டவே வேண்டாம், அந்த ஐந்து பேர் இருக்கிறார்களா என்று கட்டும் முன் தெரிந்துகொள்ள வழியே இல்லை. வின்டெட் போன்ற தளங்களில் வாங்குபவர் ஒரு பாதுகாப்புக் கட்டணம் கட்டுவார். பொருள் கைக்குப் போய்ச் சேரும்வரை பணம் தளத்திடம் இருக்கும். தொலைவில் இருப்பவருக்கு பாபின், ஊசி, மோட்டார் போன்ற சின்ன உதிரிகளை அனுப்புவதாக இருந்தால் அந்த ஏற்பாடு உள்ள தளம் நல்லது. முழு மிஷினுக்கு அது ஒத்துவராது. எடை அதிகம், வழியில் அடிபடும், வாங்குபவரும் தைத்துப் பார்க்காமல் முடிவெடுக்க மாட்டார். அதற்கு நேரில் வரக்கூடிய தூரத்தில் இருப்பவர்களைக் காட்டும் உள்ளூர்த் தளத்தையே தேடுங்கள். தானியங்கியாகப் புதுப்பிக்கும் சந்தாவாக இருந்தால், கட்டிய அன்றே புதுப்பிப்பை நிறுத்தும் பொத்தான் எங்கே என்று பார்த்து அணைத்துவிடுங்கள்.