பிறந்த இடம் சிறுநீரகம், தெரிந்த இடம் சினைப்பை

டாக்டர், 11 ஆண்டுக்கு முன் அம்மாவின் இடது சிறுநீரகத்தைப் புற்றுநோய் என்று எடுத்தார்கள். இப்போது சினைப்பையில் கட்டி. அதுவும் சிறுநீரகப் புற்றுநோயாம். எப்படி? (தெம்பனிஸ், சிங்கப்பூர்)

புற்றுநோய்க்குப் பெயர் வைப்பது பிறந்த ஊரைப் பார்த்து. குடியேறிய ஊரைப் பார்த்து அல்ல. சிறுநீரகப் புற்று வழக்கமாகப் போவது நுரையீரல், எலும்பு, கல்லீரல், மூளை. சினைப்பைக்கு வருவது அபூர்வம். ஆனால் பத்தாண்டு கழித்தும் தலைகாட்டும் குணம் அதற்கு உண்டு. இடது சினைப்பையின் சிரை இடது சிறுநீரகச் சிரையில்தான் போய்ச் சேர்கிறது. ரத்தம் எதிர்த்திசையில் திரும்பி அந்த வழியே செல்கள் இறங்கலாம் என்பது ஒரு விளக்கம். பெயர் சரியாக இருக்கவேண்டும், ஏனென்றால் மருந்தே வேறு. சினைப்பைப் புற்றுக்குக் கொடுக்கும் கீமோ சிறுநீரகப் புற்றிடம் பெரும்பாலும் எடுபடாது.

ரிப்போர்ட்டில் 'கிளியர் செல்' என்று இருக்கிறது. அதை வைத்து எந்த உறுப்பின் புற்று என்று சொல்லிவிட முடியாதா? (உட்லண்ட்ஸ்)

முடியாது. அந்த வகை இரண்டு உறுப்பிலும் வரும். திசுவைப் பதப்படுத்தும்போது செல்லுக்குள் இருக்கும் கொழுப்பும் கிளைக்கோஜன் என்ற சேமிப்புச் சர்க்கரையும் கரைந்துபோகும். மைக்ராஸ்கோப்பில் சோப்பு நுரை மாதிரி வெறுமையாகத் தெரியும், அதனால்தான் அந்தப் பெயர். பிறகு சாயப் பரிசோதனை: செல்லில் எந்தப் புரதம் இருக்கிறது என்று நிறமேற்றிப் பார்ப்பது. பேக்ஸ்-8 என்ற புரதத்துக்கான சாயம் இரண்டிலும் ஒட்டும், அதனால் பிரயோஜனம் குறைவு. சிகே-7 பெரும்பாலும் சினைப்பையைக் காட்டும், சிடி-10 சிறுநீரகத்தை. அதிலும் விதிவிலக்கு உண்டு. சிறுநீரக ஸ்கேனைப் பார்க்காமல் நான் திசு ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடமாட்டேன். எரிச்சலான விஷயம் ஒன்று: பழைய அறுவை சிகிச்சை பற்றி, திசுவோடு வரும் படிவத்தில் ஒரு வரிகூட இருக்காது. "அதுதான் அப்பவே சரியாயிடுச்சே" என்பார்கள்.

மனைவிக்குச் சினைப்பைப் புற்று. சிறுநீரகம் வீங்கியிருக்கிறது. பரவிவிட்டதா? (ஜூரோங்)

பெரும்பாலும் இல்லை. சினைப்பைப் புற்று அதிகம் பரவுவது வயிற்றின் உள்ளுறையில். கட்டி சிறுநீர்க்குழாயை அழுத்தினால், அடைத்துக்கொண்ட சிங்க் நிரம்புவதுபோல, மேலே சிறுநீரகம் வீங்கும். ஸ்டென்ட் என்ற சிறு குழாயை வைத்தால் பெரும்பாலும் வடியும். தள்ளிப்போடாதீர்கள். சினைப்பைப் புற்றுக்குக் கொடுக்கும் கார்போபிளாட்டின் என்ற கீமோ மருந்தின் அளவையே சிறுநீரகம் வடிகட்டும் வேகத்தை வைத்துத்தான் கணக்கிடுவார்கள்.

பழைய ஆபரேஷன் திருச்சியில் நடந்தது. அந்த ரிப்போர்ட் இங்கே உதவுமா? (ஈசூன்)

உதவும். ஆனால் காகிதத்தோடு நிற்காமல் மெழுகுக்கட்டியையும் கேளுங்கள். திசுவைப் பாரஃபின் மெழுகில் பதித்து வைத்திருப்பார்கள். தீப்பெட்டியைவிடச் சிறியது, அறை வெப்பத்திலேயே பல ஆண்டு கிடக்கும். அந்த மருத்துவமனை இன்னும் வைத்திருந்தால், அதில் புதிதாகச் சீவி பழைய புற்றுக்கட்டியையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். ஊரில் இருக்கும் சித்தப்பாவிடம் உங்கள் கடிதத்தையும் பழைய பதிவு எண்ணையும் கொடுத்து அனுப்புங்கள்.