சீசன் டூட்டியில் வார ஓய்வு கிடைக்குமா? நீலகிரி காவலர் குடும்பங்களின் கேள்விகள்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் காவலர்களின் அம்மாக்களும் மனைவிமாரும் கேட்டவை. கேட்க வேண்டியவர்கள் பாராவில் நிற்கிறார்கள் போல. நானும் இருபத்தொன்பது வருடம் இந்த மலையில் காக்கி போட்டவன்தான். ஓய்வு பெற்ற பிறகுதான் சட்டப் புத்தகத்தை நிதானமாகப் புரட்ட நேரம் கிடைத்தது.

என் வீட்டுக்காரர் முதல்நிலைக் காவலர். ஏப்ரலில் சுற்றுலா சீசன் பிறந்தால் வார ஓய்வு காணாமல் போய்விடுகிறது. அது சட்டத்தில் இருக்கிறதா, இல்லையா? (குன்னூர்)

சட்டத்தில் இல்லையம்மா, அரசாணையில் இருக்கிறது. இரண்டாம்நிலைக் காவலர் முதல் தலைமைக் காவலர் வரை வாரம் ஒரு நாள் ஓய்வு என்று 2021-இல் ஆணை வந்தது. ஆனால் 1861-ஆம் ஆண்டு போலீஸ் சட்டத்தின் 22-ஆம் பிரிவு, காவலர் எந்நேரமும் பணியில் இருப்பதாகவே கருதப்படுவார் என்கிறது. நம் மாநிலக் காவல்துறையோ அதற்கும் இரண்டு வயது மூத்த 1859-ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிறந்தது. மத்திய அரசு அமைத்த சோலி சொராப்ஜி குழு 2006-இல் எழுதிக் கொடுத்த மாதிரிக் காவல் சட்டத்தில் எட்டு மணி நேர வேலையும் உண்டு, வாரம் ஒரு நாள் ஓய்வும் உண்டு. நம் ஊரில் அது இன்னும் மாதிரியாகவே இருக்கிறது.

சரி, இப்போது என்ன செய்யலாம்? ஓய்வு நாளில் வேலை வாங்கினால் மிகைநேர ஊதியம் தர வேண்டும் என்று டிஜிபியின் 2021 சுற்றறிக்கையிலேயே இருக்கிறது. ஆஜர் எடுக்கும் ரோல் கால் நேரத்தில் வாயால் கேட்டால் காற்றோடு போய்விடும். எந்தெந்தத் தேதியில் ஓய்வு ரத்தானது என்று எழுதிக் கொடுத்து, ஸ்டேஷன் ரைட்டரிடம் ஒப்புதல் வாங்கி வைக்கச் சொல்லுங்கள். மலைக்கு வரும் சுற்றுலா வண்டிகளுக்கு 2024 மே 7 முதல் இ-பாஸ் வந்துவிட்டதே, வேலை குறையவில்லையா என்று சிலர் கேட்கிறார்கள். அந்தப் பாஸைப் பார்க்கவும் கல்லார் செக்போஸ்டில் ஆள் நிற்க வேண்டுமே!

மகன் இரவு செக்போஸ்டில் இருக்கிறான். டிசம்பர் குளிருக்கு அறைக்குள்ளேயே கரி அடுப்பு வைத்துக்கொள்கிறார்களாம். பயப்பட வேண்டுமா? (மஞ்சூர்)

கட்டாயம் பயப்பட வேண்டும். இன்றைக்கே நிறுத்தச் சொல்லுங்கள். எனக்கே நடந்தது இது. தகரக் கூரை போட்ட ஒரு செக்போஸ்டில் மூன்று பேர் இருந்தோம். காற்று வருகிறதென்று ஜன்னல் இடுக்கில் கோணிப்பையைத் திணித்து, இரும்புச் சட்டியில் கரியைப் போட்டு நடுவில் வைத்தோம். விடியற்காலையில் பாரா மாற்ற வந்த ஏட்டையா கதவைத் தட்டியது எனக்குக் கேட்டது. எழுந்திருக்கத்தான் முடியவில்லை. கால் என்னுடையது மாதிரியே இல்லை. அவர் கதவை உதைத்துத் திறந்ததால் இன்றைக்கு இதை எழுதுகிறேன். கனன்ற கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, மணமும் கிடையாது. நல்ல தூக்கம் வருகிறது என்றுதான் தோன்றும். நெருப்பு வெளியே, ஆள் உள்ளே, மாற்றவே கூடாது.

சட்டம் என்ன சொல்கிறது என்றால், அங்கேதான் ஒரு வேடிக்கை. தேயிலைத் தோட்டத் தொழிலாளிக்கு மழைக்கும் குளிருக்கும் குடை, கம்பளி, மழைக்கோட்டு கொடுக்க முதலாளியைக் கட்டாயப்படுத்தும் விதிகளுக்கு 1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டத்திலேயே இடம் வைத்தார்கள். அதே தோட்டத்து வேலிக்கு இந்தப் பக்கம் நிற்கும் காவலருக்கு ஜெர்கினும் குளிர்காலப் படியும் ஆணைகள் வழியாகத்தான் வருகின்றன. அதனால் செக்போஸ்டுக்கு என்ன தேவை என்பதை எழுத்தில் கேட்பதைத் தவிர வேறு வழியில்லை.

தம்பிக்கு இரண்டு மாதமாகத் தூக்கமில்லை. எரிந்து விழுகிறான். "எதுக்கு இந்தப் பொழப்பு" என்கிறான். மனநல டாக்டரிடம் போனால் வேலைக்கு ஆபத்தா? (கோத்தகிரி)

'எதுக்கு இந்தப் பொழப்பு' என்ற வார்த்தையை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இதைப் படித்ததும் 14416-க்குப் பேசுங்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் அது, இலவசம், தமிழிலேயே பேசலாம். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-இன் 23-ஆம் பிரிவு சிகிச்சை விவரத்தை ரகசியமாக வைக்கும் உரிமையைத் தருகிறது. டாக்டர் ஸ்டேஷனுக்குப் போன் போட்டுச் சொல்ல மாட்டார். ஆனால் துப்பாக்கி பாராவிலிருந்து கொஞ்ச நாள் மாற்றிவிடும்படி அவனே ஆய்வாளரிடம் கேட்பது நல்லது. பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையின் துணையோடு 2018-இல் தொடங்கிய காவலர் நிறைவாழ்வுப் பயிற்சி இருக்கிறது, கூப்பிட்டால் போகட்டும். மூன்று நாள் டூட்டி குறையுமே என்று போனவர்கள்கூடக் கடைசியில் உட்கார்ந்து பேசியதை நான் பார்த்திருக்கிறேன்.

கக்கநல்லா எல்லைச் செக்போஸ்டில் குடிபோதையில் ஒருவர் தள்ளிவிட்டதில் கை வீங்கிவிட்டது. "டூரிஸ்ட்தானே, விடும்மா" என்கிறார்கள். (கூடலூர், பெண் காவலர்)

விடாதீர்கள் தங்கச்சி. முதலில் அரசு மருத்துவமனை, அப்புறம் புகார். பணியில் இருக்கும் அரசு ஊழியரைத் தாக்கினாலே புதிய தண்டனைச் சட்டமான பி.என்.எஸ். (பாரதிய நியாய சன்ஹிதா) 132-ஆம் பிரிவின்படி இரண்டு ஆண்டு வரை சிறை. காயம் ஏற்பட்டால் 121, ஐந்து ஆண்டு வரை. பழைய ஐ.பி.சி.யில் இது மூன்றாக இருந்தது.

அமெரிக்காவில் போலீஸ் மனநலத்துக்கென்றே சட்டம் இருப்பதாக அக்கா மகன் சொல்கிறான். உண்மையா? (உதகை)

உண்மைதான். காவலர் மனநலம், நல்வாழ்வு பற்றிய சட்டத்தில் 2018 ஜனவரியில் அதிபர் கையெழுத்திட்டார். சக காவலரே கைகொடுக்கும் திட்டங்களுக்கு அதில் நிதி உண்டு. அப்படிப் பேசியது வெளியே போகாமல் காக்க, மத்தியக் காவலர்களுக்கு 2021-இல் இன்னொன்று. எனக்குப் பெரிதாகப் படுவது 2022-இல் வந்த மூன்றாவதுதான்: பணியில் கண்ட கொடூரத்தால் மனம் முறிந்து உயிரை மாய்த்துக்கொண்டவரின் சாவையும், சில நிபந்தனைகளோடு, பணியில் நேர்ந்த சாவாகக் கணக்கில் எடுத்துக் குடும்பத்துக்கு உதவி தருகிறார்கள். நம்மிடம் அப்படித் தனிச் சட்டம் இல்லை.

சங்கம் வைத்துக் கேட்கலாமா? (பந்தலூர்)

அரசு அனுமதியில்லாமல் முடியாது. 1966-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது.

கல்யாண நாளுக்கு லீவு உண்டு என்கிறார்களே? எங்களுக்கு மே 18. (குந்தா)

உண்டு, பிறந்தநாளுக்கும் உண்டு. ஆனால் மே 18 என்றால் ஊட்டியில் மலர்க் கண்காட்சிக் கூட்டம். மார்ச்சிலேயே எழுதிக் கொடுங்கள். பிறந்தநாள் எந்த மாதம்?