சைலன்சர் மாத்தினா மேட்டுல இழுக்குமா? வாசகர் கேள்வி பதில்

இந்த தடவ வந்த கேள்விகள்ல பாதிக்கு மேல சைலன்சர், ஃபில்டர், டியூனிங் பத்திதான். அதனால மத்த கேள்விய எல்லாம் அடுத்த இதழுக்கு தள்ளிட்டு இத மட்டும் எடுத்துக்கிறேன்.

கேள்வி: அண்ணா வணக்கம். 2021 மாடல் ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411 பைக் வச்சிருக்கேன், 38,000 கிலோமீட்டர் ஓடியிருக்கு. வீட்டுக்காரங்களும் நானும் பெட்டி கட்டிக்கிட்டு வருஷத்துக்கு மூணு நாலு டூர் போவோம், போன மாசம் கொல்லிமலை போனோம். தனியா போனா குறையே இல்ல, ஆனா ரெண்டு பேரும் லக்கேஜும் ஏறினா வேப்பூர் தாண்டி லாரிய ஓவர்டேக் பண்ண அஞ்சாவது கியர்ல இழுக்கவே மாட்டேங்குது. பொக தடையில்லாம போற ஃப்ரீ ஃப்ளோ சைலன்சர், டப்பா இல்லாத ஓப்பன் ஃபில்டர், ஈசியூ ரீமேப் (பெட்ரோல் விடுற கம்ப்யூட்டரோட கணக்க மாத்துறது) மூணும் போட்டா வண்டி பறக்கும்னு ஒரு கடையில சொல்றாங்க. என்னால 25,000 வரைக்கும்தான் ஒதுக்க முடியும். எதுல ஆரம்பிக்கட்டும்?
(வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்)

பதில்: தம்பி, சைலன்சர்ல ஆரம்பிக்காதீங்க. ஏன்னு சொல்றேன், கொஞ்சம் பொறுமையா படிங்க.

உங்க எஞ்சின் ஒத்த சிலிண்டர், போர் 78 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் 86, அதாவது அகலத்த விட ஒசரம் ஜாஸ்தி, கீழ் ஆர்பிஎம்ல (எஞ்சின் நிமிஷத்துக்கு சுத்துற கணக்கு) நிதானமா இழுக்கணும்னே அப்படி பண்ணியிருக்காங்க. பவர் 24 குதிரைக்கு கொஞ்சம் மேல, அது 6,500 ஆர்பிஎம்ல வரும், டார்க், அதாவது இழுப்பு விசை, 32 என்எம், அது 4,000 - 4,500லயே வந்துடும். வண்டி மட்டுமே 199 கிலோ, நீங்க ரெண்டு பேரு, பெட்டி எல்லாம் சேந்தா 350 கிலோவ தொட்டுடும். 80ல லாரி பின்னாடி போறப்போ எஞ்சின் 4,000 பக்கத்துல சுத்திக்கிட்டு இருக்கும், அந்த எடத்துல அஞ்சாவது கியர்லயே முறுக்கினா எந்த 24 குதிரை வண்டியும் திணறத்தான் செய்யும். நாலாவதுக்கு இறக்கி முறுக்குங்க, செலவே இல்லாம பாதி பிரச்சன அங்கயே தீந்துடும்.

இப்ப சைலன்சருக்கு வரேன். 4,000 ஆர்பிஎம்னா உங்க எஞ்சின் ஒரு நிமிஷத்துக்கு 2,000 தடவ வெடிக்குது, அதாவது வினாடிக்கு 33 தடவ. ஒவ்வொரு வெடிக்கும் ஒரு பொக மூட்ட பெண்ட் பைப்புல (எஞ்சின்ல இருந்து சைலன்சருக்கு போற குழாய்) வேகமா ஓடுது, அது ஓடுற வேகத்துல பின்னாடி ஒரு வெற்றிடம் மாதிரி உண்டாயி அடுத்த புதுக் காத்த உள்ள இழுத்துக் குடுக்குது. பைப் ரொம்ப அகலமா இருந்தா பொக மெதுவா போகும், அந்த இழுப்பு கொறஞ்சுடும், கீழ் டார்க் போயிடும். பேக் பிரஷர், அதாவது பொகைக்கு எதிரா ஒரு அழுத்தம், வேணும்னு கடையில சொல்லுவாங்களே, அது அடைப்பு வேணும்ங்கிற அர்த்தம் இல்ல, பொகையோட வேகம் வேணும்ங்கிறத தான் அப்படி தப்பா சொல்லிட்டு இருக்காங்க. அதனால குழாய் மட்டும் அகலமா, சத்தம் மட்டும் பெருசா இருக்குற சைலன்சர போட்டா மேல் ஆர்பிஎம்ல ஒரு குதிரை கிடைக்கலாம், ஆனா உங்களுக்கு தேவைப்படுற 3,500 - 4,500ல வண்டி முன்னவிட மந்தமாகவும் ஆகலாம். சத்தம் ஏறினதால வேகம் ஏறின மாதிரி மனசுக்கு தோணும், அத நம்பாதீங்க. நல்ல ஸ்லிப் ஆன் (பின் மஃப்ளர் மட்டும் மாறுற சைலன்சர்) போட்டா நிஜமா கிடைக்கிறது எடை கொறையறது, பழைய மஃப்ளரோட ஒப்பிட்டா சில கிலோ கொறையும், அதுவும் நல்லதுதான், ஆனா அது கடைசில பண்ண வேண்டிய வேலை.

ஓப்பன் ஃபில்டர் வேண்டவே வேண்டாம். இதுல நான் உறுதியா இருக்கேன். முழுசா முறுக்கி 4,000ல ஓடுறப்போ உங்க எஞ்சின் நிமிஷத்துக்கு கிட்டத்தட்ட 800 லிட்டர் காத்து குடிக்கும். நம்ம மாவட்டத்துல அந்த காத்துல என்ன இருக்குனு உங்களுக்கே தெரியும், சேத்தியாத்தோப்பு பக்கம் ரோட்டுலயே நெல்லும் உளுந்தும் காயப்போட்டு வண்டிய ஏத்தி அடிப்பாங்க, பண்ருட்டி பக்கம் செம்மண், கடற்கரை ரோட்டுல மணல். போன அறுவடை முடிஞ்சு என் கூட வர்ற பையனோட வண்டி ஃபில்டர கழட்டி பேப்பர் மேல தட்டினேன், ஒரு கைப்பிடி செவப்பு தூசி, உமி, ரெண்டு தும்பி ரெக்க. அது மொத்தமும் சிலிண்டருக்குள்ள போயிருந்தா பிஸ்டன் ரிங்கு என்ன ஆகியிருக்கும்னு யோசிங்க. அதோட கம்பெனி ஏர் பாக்ஸ் சும்மா வச்ச டப்பா கிடையாது, ஒத்த சிலிண்டர் விட்டு விட்டு உறிஞ்சும், அந்த உறிஞ்சலுக்கு நடுவுல காத்த தேக்கி வச்சு குடுக்குறது அந்த பாக்ஸ்தான். அத எடுத்துட்டு கூம்பு ஃபில்டர மாட்டினா எஞ்சின் சூட்டு காத்தையே திரும்ப குடிக்கும், சூட்டு காத்து லேசானது, பவர் இன்னும் கொறையும்.

சரி, அப்ப 25,000த்த என்ன பண்றது? மொதல்ல புது ஏர் ஃபில்டர், புது பிளக், த்ராட்டில் பாடி (காத்து உள்ள போற வாய்) கிளீனிங், டேப்பெட் (வால்வு இடைவெளி) செக். 38,000 ஓடுன வண்டில இந்த நாலையும் ஒழுங்கா பண்ணாலே போன பிக்கப்புல ஒரு பங்கு திரும்பி வந்துடும். க்ளட்ச் ஸ்லிப் ஆகுதானும் பாக்க சொல்லுங்க, அஞ்சாவது கியர்ல முறுக்கினா ஆர்பிஎம் மட்டும் ஏறி வேகம் ஏறலன்னா சைலன்சர் கம்பெனி எது வந்தாலும் உதவாது. பிரேக் புடிச்சுக்கிட்டே ஓடுதான்னு சக்கரத்த தூக்கி கையால சுத்தி பாருங்க, டயர் காத்த பில்லியனோட (பின்னாடி உக்கார்றவங்க) போறதுக்கு வேணுங்கிற அளவுக்கு அடிங்க. 

அடுத்தது ஸ்ப்ராக்கெட், செயின் ஓடுற பல் சக்கரம். செயின் செட் எப்படியும் மாத்துற நேரம் வந்திருக்கும், அப்ப முன் ஸ்ப்ராக்கெட்ட 15 பல்லுக்கு பதிலா 14 போடுங்க. சக்கரத்துக்கு போற இழுப்பு எல்லா கியர்லயும் 7 சதவீதம் கூடும், எந்த சைலன்சரும் உங்க பட்ஜெட்ல இத குடுக்காது. பதிலுக்கு 4,000ல ஓடுன வேகத்துக்கு இனிமே 4,300 கிட்ட சுத்தணும், மைலேஜ் கொஞ்சம் அடி வாங்கும், நாலு வழிச்சாலையில 100க்கு மேல போறவங்களுக்கு புடிக்காது. நீங்க பில்லியனோட மல ஏறுறவரு, உங்களுக்கு சரியா வரும். இதுவரைக்கும் வந்த செலவு உங்க 25ல பாதிய தாண்டாது.

மிச்ச காசுல சைலன்சர் ஆசை இன்னும் இருந்தா, பொகைய சுத்தப்படுத்துற கேட்டலிட்டிக் கன்வர்ட்டர கழட்டாம, பின் மஃப்ளர் மட்டும் மாறுற மாதிரி பாருங்க. பிஎஸ்6 பொக விதிப்படி வந்த வண்டில ஆக்சிஜன் சென்சார் இருக்கு, நிதானமா ஓட்டுறப்போ ஈசியூ அத பாத்து பெட்ரோல தானே கூட்டி கொறச்சுக்கும், அதனால வெறும் மஃப்ளருக்கு ரீமேப் தேவையில்ல. ஆனா முழுசா முறுக்கறப்போ ஈசியூ அந்த சென்சார கேக்காது, உள்ள எழுதி வச்ச கணக்குப்படிதான் பெட்ரோல் விடும், அங்கதான் காத்து கூடி பெட்ரோல் பத்தாம லீன் ஆகும். ஃபில்டர், பெண்ட் பைப்னு கைய வச்சா அந்த கணக்கையும் மாத்தியே ஆகணும், மூணும் ஒரே வேலைதான், ஒண்ண மட்டும் பண்ணா அரகுறை. அத டைனோ (பவர் அளக்குற மெஷின்) மேல ஏத்தி, பொகைய அளந்து, பேப்பர்ல அடிச்சு காட்டுற எடத்துல பண்ணுங்க. லேப்டாப்ப சொருகி பத்து நிமிஷத்துல முடிச்சு குடுக்குற எடத்துல பண்ணாதீங்க, ஆக்சிஜன் சென்சார ஏமாத்த ஒரு ரெசிஸ்டர் சொருகி விடுறேன்னு சொன்னா எழுந்து வந்துடுங்க.

சட்டமும் சொல்லிடுறேன். மோட்டார் வாகன சட்டம் 52வது பிரிவு வண்டி அமைப்ப இஷ்டத்துக்கு மாத்தக்கூடாதுங்குது. 2019 திருத்தத்துக்கு அப்புறம் மாத்தத்துக்கு ஒண்ணுக்கு 5,000 வரைக்கும் அபராதம், சத்தம் பொக விதிய மீறினா 10,000 வரைக்கும், லைசென்சும் மூணு மாசம் போகும், ரெண்டுலயும் ஜெயில் தண்டனைக்கும் எடம் இருக்கு. பாண்டில வேற, கடலூர்ல வேறன்னு இல்ல, கன்னியக்கோயில் தாண்டினாலும் சட்டம் ஒண்ணுதான்.

இன்னொன்னு, எது பண்ணாலும் முன்னாடியும் பின்னாடியும் அளங்க. காலையில ஆள் இல்லாத நேரான ரோடு, அதே பில்லியன், அதே லோடு, அஞ்சாவது கியர்ல 60ல இருந்து 80 போக எத்தன வினாடின்னு பின்னாடி இருக்கவங்க ஃபோன்ல பாக்கட்டும், போக மூணு தடவ வர மூணு தடவ. மைலேஜும் டேங்க் ஃபுல் பண்ணி ஓட்டி திரும்ப ஃபுல் பண்ணி கணக்கு போடுங்க. கொல்லிமலையோட 70 கொண்டை ஊசி வளைவையும் இந்த ஸ்ப்ராக்கெட்டோட ஏறி பாத்துட்டு எனக்கு எழுதுங்க.

கேள்வி: 2014 தண்டர்பேர்ட் 350, கார்ப் (கார்பரேட்டர்) வண்டி. ஃப்ரீ ஃப்ளோ போட்டு ஆறு மாசம் ஆகுது, த்ராட்டில விட்டா பட பட பட்டுன்னு வெடிக்குது, பசங்க கெத்துன்னு சொல்றாங்க, எனக்கு பயமா இருக்கு.
(வாசகர், அரியாங்குப்பம், புதுச்சேரி)

பதில்: பயப்படுறது சரிதான், உடனே கவனிங்க. எனக்கு நடந்தத சொல்றேன். பல வருஷத்துக்கு முன்னாடி என் கார்ப் 350க்கு ஒரு பட்டறையில ஃப்ரீ ஃப்ளோ மாட்டி விட்டாங்க, கார்ப்ல பெட்ரோல் அளவ வைக்கிற ஜெட்ட தொடவே இல்ல, தேவையில்லன்னு சொல்லிட்டாங்க, நானும் கேட்டுக்கிட்டேன். மே மாச வெயில்ல செஞ்சி தாண்டி திருவண்ணாமலை போற வழியில வண்டி கொஞ்சம் கொஞ்சமா இழுப்ப விட்டு கடைசில கிக்கர உதைச்சா கால் சும்மா கீழ எறங்குது, கம்ப்ரஷனே இல்ல. சின்ன யானைல ஏத்திக்கிட்டு வந்து ஹெட்ட பிரிச்சா எக்ஸாஸ்ட் வால்வோட ஓரம் ஒரு எடத்துல நெகத்தால கிள்ளி எடுத்த மாதிரி கரைஞ்சு போயிருந்துச்சு. பக்கத்துலயே பிளக் சுண்ணாம்பு அடிச்ச மாதிரி வெள்ளவெளேர்னு. அந்த வெள்ளை, பெட்ரோல் பத்தலன்னு பல வாரமா என்கிட்ட சொல்லிக்கிட்டே இருந்திருக்கு, நான் கழட்டி பாக்கல.

பெட்ரோல் எரிய 14.7 பங்கு காத்துக்கு ஒரு பங்கு பெட்ரோல், முழுசா முறுக்கி ஓட்டுறப்போ 13 பங்கு கிட்ட இருந்தாதான் பவரும் வரும் எஞ்சினும் சூடாகாம இருக்கும். ஃப்ரீ ஃப்ளோ போட்டு காத்து கூடுச்சு, ஜெட் அப்படியே இருக்கு. அதுக்கு மேல இப்ப பங்க்குல வர்றது 20 சதவீதம் எத்தனால் கலந்தது, எத்தனால்லயே ஆக்சிஜன் இருக்கு, கார்ப் வண்டிக்கு ஆக்சிஜன் சென்சார் கிடையாது, அதனால இன்னும் லீன் ஆகும்.

மொதல்ல சிலிண்டர் ஹெட்டுல பெண்ட் பைப் சேர்ற எடத்து கேஸ்கெட்ட மாத்துங்க, சைலன்சர் மாத்துனப்போ பழையதையே திரும்ப போட்டிருந்தா அங்க காத்து உள்ள வந்துதான் இந்த வெடி வரும். வண்டி குளிர்ந்து இருக்கும்போது ஸ்டார்ட் பண்ணி ஜாயிண்டுல சோப்பு தண்ணி தடவுங்க, நொர வந்தா லீக். லீக் இல்லன்னா பைலட் ஜெட் (ஐட்லிங்குக்கு பெட்ரோல் விடுறது) ஒரு சைஸ் பெருசு, அப்புறம் ஏர் ஸ்க்ரூவ கால் சுத்து கால் சுத்தா வச்சு ஐட்லிங் ஒழுங்கா நிக்கிற எடத்த புடிக்கணும். முழுசா முறுக்கறப்போ பெட்ரோல் விடுற மெயின் ஜெட்டுக்கு, புது பிளக் போட்டு காலி ரோட்டுல மூணாவது கியர்ல முழுசா முறுக்கி, அப்படியே க்ளட்ச் புடிச்சு எஞ்சின ஆஃப் பண்ணி ஓரம் கட்டுங்க, ஆறினதும் பிளக்க கழட்டி பாருங்க. வெள்ளையா இருந்தா மெயின் ஜெட் பெருசு வேணும், கரியா இருந்தா சின்னது, டீல தோய்க்கிற பிஸ்கட் கலர்ல இருந்தா விட்டுடுங்க. ஜெட் சில நூறு ரூபாதான். இத பண்ண தெரியாதுன்னு ஒரு மெக்கானிக் சொன்னா பழைய சைலன்சரையே திருப்பி மாட்டிக்கிட்டு வந்துடுங்க, அத எடைக்கு போட்டிருக்க மாட்டீங்கன்னு நம்புறேன்.

கேள்வி: காலேஜ் படிக்கிறேன், பல்சர் 150. காசு இல்ல, சைலன்சர அறுத்து உள்ள இருக்கிற தட்டெல்லாம் எடுத்துட்டு வெல்டிங் வச்சா பவர் வருமா?
(வாசகர், குறிஞ்சிப்பாடி)

பதில்: வராது தம்பி. சத்தம் வரும், கீழ் பிக்கப் போகும், போலீஸ் வருவாங்க. அந்த காசுக்கு செயின கழுவி செயின் லூப் (எண்ணெய்) போட்டு, ஏர் ஃபில்டர மாத்து.

கேள்வி: மீட்டியோர் 350 வச்சிருக்கேன் அண்ணா. வீட்டுல இருந்து ஆபீஸ் மூணு கிலோமீட்டர், ஞாயித்துக்கிழமை மட்டும் பீச் பக்கம். ரெண்டு வருஷத்துல சைலன்சர் அடியில துரு, ஸ்டீல் சைலன்சர் வாங்கிடலாமா?
(வாசகி, முதலியார்பேட்டை, புதுச்சேரி)

பதில்: வாங்குறதுக்கு முன்னாடி காரணத்த தெரிஞ்சுக்கோங்கம்மா. உப்புக்காத்து வெளியில இருந்து சாப்பிடுது, அது எல்லாருக்கும் தெரியும். உள்ள இருந்தும் ஒண்ணு நடக்குது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிஞ்சா கிட்டத்தட்ட ஒரு லிட்டர் தண்ணி ஆவியா வெளிய வரும். நீண்ட தூரம் ஓடினா சைலன்சர் சூடாகி அது அப்படியே போயிடும், மூணு கிலோமீட்டர்ல சைலன்சர் சரியா சூடாகறதுக்குள்ள நிறுத்திடுறீங்க, தண்ணி அடியில தேங்கி நிக்குது. வாரத்துக்கு ஒரு தடவ பாகூர் வரைக்கும் ஓட்டிட்டு வாங்க, அர மணி நேரம் ஓடினா போதும். பீச் போயிட்டு வந்தா வண்டி நல்லா ஆறினதும் நல்ல தண்ணில அடிப்பக்கத்த கழுவுங்க, சூட்டுல ஊத்தாதீங்க. மேல் துருவ உப்புத்தாள் போட்டு தேய்ச்சு சூடு தாங்குற கறுப்பு பெயிண்ட் அடிக்கலாம், ஓட்டை விழுந்திருந்தா மட்டும் புதுசு பாருங்க. மஃப்ளர் அடியில தண்ணி வடிய சின்ன ஓட்டை இருக்கும், சேறு அடச்சிருக்கான்னு ஒரு கம்பி விட்டு குத்தி பாத்துடுங்க.