உருகிய கறியை மறுபடி ஃப்ரீசரில் வைக்கலாமா?

குடியாத்தம் வாசகி ஒருவரின் கேள்வி: வைகாசி முதல் நாள் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கு வரும் உறவினர்களுக்காக ஆட்டுக்கறி வாங்கி, ஒரு கிலோ பொட்டலங்களாக ஃப்ரீசரில் வைத்திருந்தேன். விருந்துக்கு முந்தின இரவு ஒரு பொட்டலத்தை ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றினேன். காலை ஏழு மணிக்கு இன்னொன்றை எவர்சில்வர் குண்டானில் போட்டுச் சமையல் மேடையில் வைத்தேன். பாதிப் பேர் வராததால் இரண்டும் தேவைப்படவில்லை. மதியம் இரண்டையும் திரும்ப ஃப்ரீசருக்குள் வைத்துவிட்டேன். சமைத்த குழம்பும், தம்பி ஆம்பூரிலிருந்து வாங்கி வந்த பிரியாணியும் நிறைய மிஞ்சிவிட்டன. இரு வேளையும் கொதிக்க வைத்தால் குழம்பு கெடாது என்கிறார் மாமியார். எதை வைத்துக்கொள்வது, எதைக் கொட்டுவது?

பதில்: இரண்டு பொட்டலங்களும் ஒரே ஆட்டின் கறியாகவே இருக்கலாம், ஆனால் ஃப்ரிட்ஜில் உருகியதைத் தாராளமாகச் சமைக்கலாம், மேடையில் உருகியதைக் கொட்டிவிட வேண்டும். எது எது என்று இப்போது அடையாளம் தெரியவில்லை என்றால், மனம் வராவிட்டாலும் இரண்டையும் விட்டுவிடுவதுதான் சரி.

ஒரு முறை உருகியதை மறுபடி உறைய வைக்கவே கூடாது என்று பலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அது பாதி உண்மை. ஃப்ரீசரின் மைனஸ் 18 டிகிரிக் குளிரில் கிருமிகள் பெரும்பாலும் சாவதில்லை, பெருகாமல் அடங்கிக் கிடக்கின்றன. உருகிய பிறகு 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட வெப்பத்தில் கறி எவ்வளவு நேரம் இருந்ததோ, அவ்வளவுக்கு அவை பெருகியிருக்கும். திரும்ப உறைய வைக்கும்போது அந்தப் பெருகிய கூட்டத்தோடுதான் உறைய வைக்கிறோம். ஆகவே ஃப்ரிட்ஜுக்குள்ளேயே, 5 டிகிரிக்குக் கீழே உருகிய கறியைச் சமைக்காமலேயே மறுபடி உறைய வைக்கலாம். வெளியில் வைத்ததற்குப் பொதுவாகச் சொல்லப்படும் எல்லை இரண்டு மணி நேரம். சுற்றுப்புற வெப்பம் 32 டிகிரியைத் தாண்டினால் அது ஒரு மணி நேரமாகக் குறைகிறது. கத்திரி வெயிலில் வேலூர்ப் பக்கத்துச் சமையலறை எதுவும் 32 டிகிரிக்குக் கீழே இருக்காது என்பதால், நமக்குக் கணக்கு ஒரு மணி நேரம்தான். உங்கள் குண்டான் மேடையில் ஏறக்குறைய ஐந்து மணி நேரம் இருந்திருக்கிறது. உள்ளே பனிக்கட்டியாக இருந்தபோதே கறியின் மேற்புறம் சமையலறையின் சூட்டை எட்டத் தொடங்கியிருக்கும். நாற்றம் வரவில்லையே என்று பார்க்காதீர்கள். நோய் தரும் கிருமிகள் பல வாசனையையோ நிறத்தையோ மாற்றுவதில்லை.

திருவிழா நாளில் ஃப்ரிட்ஜ் கதவு நிமிடத்துக்கொரு முறை திறக்கப்பட்டிருக்கும் என்பதால் முதல் பொட்டலத்தைப் பற்றியும் ஒன்றை நினைவுபடுத்திப் பாருங்கள்: மதியம் எடுத்தபோது நடுவில் பனிக்கட்டி தட்டுப்பட்டதா, அல்லது தொட்டால் குளிர்ந்த தண்ணீரைத் தொட்டதுபோல் சில்லென்று இருந்ததா? இருந்திருந்தால் கவலை இல்லை. ருசி மட்டும் சற்றுக் குறையும். உறையும்போது உண்டாகும் பனித்துகள்கள் தசையின் நுண்ணறைகளைக் கிழிப்பதால், உருகும்போது சாறு வடிந்து கறி சக்கையாகிறது, இரண்டாம் முறை அது இன்னும் கூடும். பொட்டலத்தின் அடியில் தேங்கும் சிவந்த நீர் அந்தச் சாறுதான், இரத்தம் அன்று. அது கீழே உள்ள தயிரிலோ கீரையிலோ சொட்டாதபடி, பச்சைக் கறியை எப்போதும் அடித்தட்டில், ஒரு தட்டின் மேல்தான் வைக்க வேண்டும். இந்தக் கறியை வறுவலுக்கு எடுக்காமல் குக்கரில் குழம்பாக வையுங்கள். அவசரமாக உருக்க வேண்டிய நாளில், நீர் புகாத உறையில் கட்டிக் குளிர்ந்த நீரில் மூழ்க வைத்து, அரை மணிக்கொரு முறை நீரை மாற்றலாம். அப்படி உருக்கியதையும் மைக்ரோவேவில் உருக்கியதையும் உடனே சமைத்துவிட வேண்டும், பச்சையாகத் திரும்ப உறைய வைக்கக் கூடாது.

குழம்பு விஷயத்தில் உங்கள் மாமியார் சொல்வது ஆதாரமில்லாத பேச்சு அன்று. புளியும் உப்பும் எண்ணெயும் தூக்கலாக இருக்கும் வத்தக்குழம்பைச் சுண்ட வைத்து இரண்டு மூன்று நாள் வைத்துக்கொள்வது நம் வீடுகளில் நெடுநாள் வழக்கம். அந்தப் புளிப்பில் பல கிருமிகள் வளர முடியாது. கறிக்குழம்பில் அந்தப் பாதுகாப்பு இல்லை. கொதிக்கும்போது கிருமிகள் மடிந்தாலும், சில வகைக் கிருமிகளின் வித்துகள் கொதியைத் தாங்கிப் பிழைத்துக்கொள்கின்றன. பெரிய பாத்திரத்தில் குழம்பு மெல்ல ஆறும்போது அவை முளைக்கின்றன. அவற்றில் கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சென்ஸ் என்பது 45 டிகிரிச் சூட்டில் பத்து நிமிடத்துக்கொரு முறை இரட்டிக்கக் கூடியது. இதைவிடச் சங்கடமானது, கையிலிருந்தும் கரண்டியிலிருந்தும் சேரும் ஸ்டஃபைலோகாக்கஸ் கிருமி விட்டுச் செல்லும் நச்சு. எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அது அழியாது. அடுப்பின் மேலேயே இருந்து இரு வேளை சூடு கண்ட அந்தக் குழம்பைக் கொட்டிவிடுங்கள்.

அடுத்த முறை குழம்பு இறக்கியதும், வேண்டியதுபோக மிச்சத்தை இரண்டு அங்குல ஆழத்துக்கு மேல் போகாதபடி அகலமான பாத்திரங்களில் பிரித்து, குளிர்ந்த நீர்த் தாம்பாளத்தில் வைத்துக் கிளறுங்கள். மே மாதத்தில் நம் மாடித் தொட்டித் தண்ணீர் குளிக்கவே சுடும், ஆறவைக்க உதவாது. பானைத் தண்ணீரோ ஐஸ் கட்டியோ வேண்டும். ஆவி அடங்கியதும் ஃப்ரிட்ஜில் வைத்துவிடலாம். முழுக்க ஆறட்டும் என்று இரவு வரை காத்திருப்பதே பெரும்பாலும் கேட்டுக்குக் காரணம். ஃப்ரிட்ஜில் மூன்று நாள், ஃப்ரீசரில் இரண்டு மூன்று மாதம் நிற்கும். எடுக்கும்போது அன்றைக்கு வேண்டியதை மட்டும் எடுத்து, சிறு தீயில் கொஞ்சம் தண்ணீர் விட்டு இளக்கி, பிறகு தளதளவென்று கொதிக்க விடுங்கள். கறித் துண்டின் நடுப்பகுதி 74 டிகிரியை எட்ட வேண்டும். ஒன்றைப் பிட்டுப் பார்த்தால் உள்ளிருந்தும் ஆவி வர வேண்டும். மைக்ரோவேவ் ஓரத்தைக் கொதிக்கவைத்து நடுவை வெதுவெதுப்பாக விட்டுவிடும், ஆகையால் மூடி வைத்துச் சூடாக்கி, பாதியில் கிளறி, வெளியே எடுத்த பின் இரண்டு நிமிடம் நிறுத்திப் பரிமாறுங்கள். ஒரு முறை சுட வைத்ததில் மிஞ்சியதை மறுபடி எடுத்து வைக்க வேண்டாம்.

பிரியாணிக்கு இன்னும் கண்டிப்பு தேவை. சீரகச் சம்பாவோ பாசுமதியோ, சோற்றில் பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் இருக்கக் கூடும். அது உண்டாக்கும் வாந்தி நச்சு, தம் போட்ட சூட்டைவிடக் கூடுதலான சூட்டிலும் அழிவதில்லை. ஆம்பூரில் மதியம் கட்டிய பொட்டலம், வெயிலில் பயணம் செய்து, வீட்டில் இரவு வரை கிடந்திருந்தால் அதைச் சுட வைத்துப் பயனில்லை. வாங்கி வந்த ஒரு மணி நேரத்துக்குள் தட்டில் பரப்பி ஆறவைத்து ஃப்ரிட்ஜில் வைத்திருந்தால், மறுநாளுக்குள் ஒரே ஒரு முறை நன்றாகச் சுட வைத்துச் சாப்பிடலாம். பழைய சோறு மட்டும் எப்படிக் கெடுவதில்லை என்று கேட்பீர்கள். நீரில் ஊறிப் புளிக்கும்போது உண்டாகும் அமிலம் அதைக் காக்கிறது, பிரியாணியில் அது நடப்பதில்லை.

வீட்டில் குழந்தைகள், கர்ப்பிணிகள், சர்க்கரை நோயுள்ள முதியவர்கள் இருந்தால் மேலே சொன்ன நேரங்களில் சலுகை எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நீங்கள் கேட்காவிட்டாலும், இந்தப் பருவத்தில் மின்தடையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கதவைத் திறக்காவிட்டால் நிறைந்த ஃப்ரீசர் இரண்டு நாள் வரையும், பாதி நிறைந்தது ஒரு நாள் வரையும் குளிரைத் தாங்கும். ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜின் சின்ன ஃப்ரீசரிடம் அவ்வளவு எதிர்பார்க்க முடியாது. கீழ்ப்பகுதிக்கு நான்கு மணி நேரமே கணக்கு. ஊருக்குப் போகும் முன் ஒரு டம்ளர் நீரை உறைய வைத்து, பனிக்கட்டியின் மேல் ஒரு ரூபாய் நாணயத்தை வையுங்கள். திரும்பி வரும்போது நாணயம் அடியில் கிடந்தால், உள்ளே இருப்பதெல்லாம் ஒரு முறை உருகி மறுபடி உறைந்தவை என்று பொருள். அவற்றை அப்படியே அப்புறப்படுத்திவிடுங்கள்.